ஐம்பதில் கற்ற நடை

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கேட்பது உலக வழக்கு. ஐம்பதைத் தொட்ட பிறகு நாள்தோறும் நடக்கும் பழக்கம் ஒன்றைக் கைக்கொள்ள முயன்று, மும்முறை தோற்று, நான்காம் முறை அதனை ஒருவாறு நிலைநிறுத்திக்கொண்ட நம் அனுபவத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். இதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை என்பதைப் படித்து முடிக்கும்போது அன்பர்கள் தாமே அறிவர்.

நாம் பிறந்தது தஞ்சைத் தரணியில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில். பள்ளிக்கூடம் இரண்டு கல் தொலைவு. வயல் வரப்பில் நடந்து சென்று, வரப்பிலேயே திரும்பி வருவோம். பின்னர் வேலூரில் ஓதிக்கொண்டிருந்த நாட்களில், அஸர் தொழுகை முடிந்ததும் கோட்டை அகழியோரம் தோழர்களோடு பாடத்தை வாதித்தபடியே நடப்போம். அந்நாட்களில் நடை என்பது பயிற்சியன்று. உண்பதும் உறங்குவதும் போல நாளின் ஒரு பகுதி. அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றுகூட எவர்க்கும் தோன்றியதில்லை.

1998இல் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியமர்ந்தோம். பகலில் பள்ளிக்கூடத்தில் தமிழும் அரபும் கற்பித்தல். மாலையில் மத்ரஸாவில் பாயில் அமர்ந்து ஓதிக்கொடுத்தல். இரண்டுக்கும் இடையே ஸ்கூட்டர். காலப்போக்கில், தெருக்கோடியில் இருக்கும் பள்ளிவாசலுக்கும் ஸ்கூட்டரிலேயே போகலானோம். இலண்டன் மாநகரப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர் 1953இல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. நாளெல்லாம் அமர்ந்து வண்டி ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்ததாம். நாம் இருபது ஆண்டுகள் ஓட்டுநராக வாழ்ந்துவிட்டோம் என்பது இச்செய்தியைப் பின்னாளில் படித்தபோதுதான் விளங்கிற்று.

2018ஆம் ஆண்டின் கோடையில் ஒருநாள் இஷாத் தொழுது வீடு திரும்பி, கூடத்தைக் கடந்து உள்ளே சென்றோம். பின்னால் வந்த துணைவியார் அலறினார்.

“என்னங்க, தரையெல்லாம் இரத்தமா இருக்கே! காலைக் காட்டுங்க.”

காட்டினோம். செருப்பின் அடியைத் துளைத்து ஏறிய சிறிய ஆணி ஒன்று வலது உள்ளங்காலைக் கிழித்திருந்தது. அது எங்கே தைத்தது, எவ்வளவு நேரம் அதை மிதித்தபடி நடந்தோம் என்பது நமக்குத் தெரியவில்லை. வலியே இல்லை.

வலி இல்லாததுதான் நோய் என்றார் மருத்துவர் அம்மையார். கண்களை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் இங்குமங்கும் தொட்டு, “தெரிகிறதா? தெரிகிறதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். சில இடங்களில் தெரிந்தது. சில இடங்களில் அவர் தொட்டதையே நாம் அறியவில்லை. சர்க்கரை நோய் பல ஆண்டுகளாகவே உடலில் குடியிருந்து, பாதத்தின் நரம்புகளை மெல்ல மெல்ல அவித்திருக்கிறது.

நம் தந்தையார் இதே நோயில் முதலில் ஒரு விரலையும், பின்னர் முழங்காலுக்குக் கீழே ஒரு காலையும் இழந்தவர். ஸஃபில் முன்வரிசையில் நின்றே பழகிய அவர், தம் இறுதி ஈராண்டுகளைச் சுவரோரம் நாற்காலியில் அமர்ந்து தொழுது கழித்தார். தக்பீர் கட்டும்போதெல்லாம் அவருடைய கண்கள் முன்வரிசையையே நோக்கும். மருத்துவமனையின் அந்தச் சிறு அறையில் நம் கண்முன் நின்றது அந்தப் பார்வைதான்.

“புண் ஆறும்வரை நடக்கவே கூடாது ஐயா. ஆறிய பிறகு நடக்காமல் இருக்கவே கூடாது” என்றார் அம்மையார். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தாமே இழுத்து எரித்துக்கொள்கின்றன. மருந்தோடு நடையும் சேர்ந்தால்தான் நோய் கட்டுக்குள் நிற்கும் என்று விளக்கினார். வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரைமணி நேரம். வெறுங்காலோடு ஓரடியும் வைக்கலாகாது. நடந்து வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இவையே அவர் இட்ட கட்டளைகள். உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவும் வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம்தான்.

அரைமணி நேரம் என்று அவர் சொன்னதை நாம் ஒருமணி நேரமாக்கிக்கொண்டோம். புதிதாகத் துறவு பூண்டவனின் வேகம் அது. புண் ஆறியதும் கேன்வாஸ் காலணி வாங்கி, சுபுஹுக்குப் பின் பாரதி சாலை வழியே கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். நாளிதழ்க் கட்டுகளைப் பிரித்து அடுக்கும் இளைஞர்கள், பால் உறைகளை இறக்கும் வண்டி, முன்னிரவில் பழைய புத்தகம் விற்றோர் தார்ப்பாய் போர்த்திவிட்டுப் போன குவியல்கள் ஆகியவற்றைக் கடந்தால் இருபது நிமிடத்தில் மெரினா. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்து, மெரினா என்று பெயரிட்ட அந்தக் கடற்கரை நடைபாதையில் கீழ்வானம் வெளுப்பதைப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகள் இதனருகிலேயே குடியிருந்தும் வராமற்போனோமே என்று நாணினோம். பத்தொன்பது நாட்கள் ஒருநாளும் தவறவில்லை. இருபதாம் நாள் ஐப்பசி மழை பிடித்தது. மறுநாளும் மழை. மூன்றாம் நாள் மழையில்லை, நாமும் எழவில்லை.

மறு ஆண்டின் தொடக்கத்தில், தனியே நடந்ததுதான் பிழை எனக் கருதி நண்பர்கள் நால்வருடன் கூடினோம். பேச்சு நடந்த அளவுக்குக் கால்கள் நடக்கவில்லை. நடை முடிந்ததும் தேநீர்க் கடையில் சர்க்கரை போட்ட தேநீரும் ஆளுக்கு இரண்டு உளுந்து வடையும் வழக்கமாயின. மே மாதத்தில் ரமளான் வந்தது. ஸஹர் முடிந்து தொழுததும் உறக்கம். பெருநாள் கழித்து நால்வரும் சந்தித்தபோது, நடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தது. பள்ளிவாசலும் மூடப்பட்டது, கடற்கரையும் மூடப்பட்டது. வீட்டில் எல்லோரும் மொட்டை மாடியில் ஏறி நடந்தோம். தெருக்கள் திறந்ததும் நாம் மாடியை மறந்தோம். டிசம்பர் நடுவில் கடற்கரை மீண்டும் திறந்தபோது, அதையும் செய்தித்தாளில் படித்ததோடு சரி.

மூன்றாம் முயற்சிக்கு வளைகுடாவில் பணிபுரியும் மகன் துணைசெய்தார். எட்டுகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை 2021இல் அனுப்பி வைத்தார். நாளைக்குப் பத்தாயிரம் எட்டு என்பது அதன் கணக்கு. இந்தப் பத்தாயிரம் மருத்துவர் எவரும் ஆராய்ந்து வகுத்த எண்ணன்று. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு மறு ஆண்டான 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று ‘பத்தாயிரம் அடி அளவி’ எனப் பொருள்படும் ‘மன்போகெய்’ என்ற பெயரில் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரிலிருந்து உலகெங்கும் பரவிய எண் அது. இதனை அன்று நாம் அறியோம். ஆறாயிரத்தில் கால் ஓயும்போதெல்லாம், தேர்வில் தவறிய மாணவனைப் போலக் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்வோம். ஒருநாள் அதன் மின்னூட்டம் தீர்ந்தது. மறுபடி ஏற்றவில்லை.

குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் செயலின் சிறப்பைக் கூறும் நபிமொழியை நாம் கால் நூற்றாண்டாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். அதனை விளக்க எத்தனையோ உவமைகள் சொல்லியிருக்கிறோம். நம் கால்கள் மட்டும் அப்பாடத்தைக் கேட்கவில்லை.

இத்தனை முயற்சிகளிலும் நம்மைச் சுபுஹுக்கு எழுப்பியவர், இரவே வெந்தயம் ஊறவைத்தவர், காலுறை துவைத்தவர், நாள்தோறும் நம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தவர் நம் துணைவியார். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் அவருக்குத் தலைச்சுற்றல் வந்தது. அதே மருத்துவ அம்மையாரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவருடைய சர்க்கரை நம்முடையதைவிட மிகுதி.

அம்மையார் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வியந்தார். “சென்ற ஆண்டு உங்களுக்கு எல்லைக்கோட்டில்தானே நின்றது அம்மா? இந்தச் சில மாதங்களில் ஏன் இப்படி ஏறியது? எதையாவது நிறுத்திவிட்டீர்களா?”

துணைவியார் சற்றுத் தயங்கி, “மாடியில் நடந்துக்கிட்டு இருந்தேன். ஆறு மாசமா மாடியைப் பூட்டிட்டாங்க” என்றார்.

நாம் திகைத்து அவரை நோக்கினோம். ஊரடங்கில் எல்லோரும் தொடங்கி எல்லோரும் விட்ட அந்த மாடி நடையை, அவர் ஒருவர் மட்டும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் விடாமல் நடந்திருக்கிறார். நாம் சுபுஹுக்குப் பின் பள்ளிவாசலில் பாடம் நடத்திவிட்டு ஆறரை மணிக்குத்தான் வீடு திரும்புவோம். அந்த நேரத்தில், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் துணிக்கொடிகளுக்கும் இடையே, தென்வடலாக இருபத்திரண்டு எட்டு நீளமுள்ள இடத்தில் போவதும் வருவதுமாக நடப்பாராம். ஒருமுறை போய்த் திரும்பினால் தஸ்பீஹில் ஒரு மணி. தொண்ணூற்றொன்பது மணிகளும் உருண்டதும் கீழே இறங்கி, நமக்கு வெந்தயத் தண்ணீரை எடுத்து வைப்பார். மனத்துக்குள் கணக்கிட்டுப் பார்த்தோம். நாலாயிரத்து முந்நூற்றைம்பத்தாறு எட்டுகள். கடிகாரமில்லை, காலணியில்லை, பாராட்டுமில்லை. வீட்டுக்காரர் மாடியில் அறை கட்டத் தொடங்கிக் கதவைப் பூட்டியதும், அந்த நடை ஒருவர்க்கும் தெரியாமலே நின்றுபோயிற்று.

வீடு திரும்பும் வழியில், “ஏன் நம்மிடம் சொல்லவில்லை?” என்று கேட்டோம்.

“நீங்க கேக்கலையே” என்றார். சற்று நேரம் கழித்து, “சொல்லித்தான் என்ன? நான் எங்கே போய் நடக்கிறது?” என்றார்.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. வீட்டிலிருந்து கடற்கரை இருபது நிமிடம். நமக்கு அது மூன்று முறை சென்று சலித்த வழி. அவரோ இத்தனை ஆண்டுகளில் அந்த வழியில் நடக்க வேண்டுமென்றே நடந்ததில்லை. கடைக்குப் போயிருக்கிறார், மருத்துவமனைக்குப் போயிருக்கிறார், பெருநாள் மறுநாள் பேரப்பிள்ளைகளோடு ஆட்டோவில் கடற்கரைக்குப் போயிருக்கிறார். ஒரு வேலையும் இல்லாமல், தம் உடல்நலத்துக்காக மட்டும் தெருவில் நடப்பது நம் வீட்டுப் பெண்களுக்கு உரியதன்று என்பதுபோல் இருந்துவிட்டோம். இதை மார்க்கம் விதித்ததா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. அதனை நாமே பாடமாக நடத்தியிருக்கிறோம். மார்க்கம் விதிக்காததை நம் சோம்பலும் கூச்சமும் விதித்திருந்தன.

அடுத்த வாரம் அவருக்கும் ஒரு கேன்வாஸ் காலணி வாங்கினோம். பள்ளிவாசல் பாடத்தை மஃரிபுக்கு மாற்றிக்கொண்டோம். நவம்பர் முதல் நாளன்று, சுபுஹ் தொழுது நாம் வெளியே வந்தபோது சந்து முனையில் புர்காவோடும் வெள்ளைக் காலணியோடும் அவர் நின்றிருந்தார். பள்ளிவாசலிலிருந்து உடன் வந்த ஜமாஅத்தார் ஒருவர் வியப்போடு, “என்ன ஹஜ்ரத், குடும்பத்தோட இவ்வளவு காலையில? ஊருக்கா?” என்றார். “இல்லை, கடற்கரை வரைக்கும்” என்றோம். அவர் சிரித்தார். நமக்குக் கழுத்துவரை வியர்த்தது. துணைவியாரோ அதைக் கேளாதவர்போல முன்னே நடந்தார்.

நகரத்துத் தெருவில் பெண்ணொருத்தி நடப்பது எத்தனை கடினம் என்பதை அன்றுதான் கண்ணாரக் கண்டோம். நடைபாதையில் இரு சக்கர வண்டிகள் நிற்கின்றன. அதனால் இறங்கிச் சாலையில் நடக்க வேண்டும். தோண்டி மூடாத பள்ளங்கள். கூட்டமாக எழுந்து குரைக்கும் நாய்கள். உற்று நோக்கும் சில கண்கள். நாம் தனியே நடந்தபோது இவற்றில் பாதியை நாம் கவனித்ததே இல்லை. அவர் எல்லாவற்றையும் கண்டும் நிற்காமல் நடந்தார்.

பாரதி சாலை முடிந்து காமராசர் சாலையைத் தொடும் இடத்தில் கண்ணகி சிலை நிற்கிறது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்டு, 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் அதே கடற்கரைக்கு வந்த சிலை அது. துணைவியார் அதன் கீழே நின்று மூச்சு வாங்கியபடி, “இந்த அம்மா எங்கிருந்து எங்கே நடந்தாங்க?” என்று கேட்டார். பூம்புகாரிலிருந்து மதுரை வரை நடந்தாள் என்றோம். “அப்ப நாம லைட் ஹவுஸ் வரைக்குமாவது போகலாம்” என்றார். அன்று அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்று மாதம் கழித்துப் போனோம்.

அன்று தொடங்கிய நடை ஓராண்டு நன்றாகவே சென்றது. நாம் சோம்பினாலும் சந்து முனையில் ஒருவர் காத்து நிற்கிறாரே என்ற எண்ணம் நம்மை இழுத்துச் செல்லும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் நீர் நின்றது. ஆறாத புண்ணுக்கு அஞ்சும் கால்களைக் கழிவுநீரில் வைக்கலாகாது. எட்டு நாட்கள் நடையில்லை. ஒன்பதாம் நாள் நமக்குள் பழைய குரல் எழுந்தது. ‘விட்டுப்போயிற்று, இனி அவ்வளவுதான்.’

அந்த வாரத்தில் மத்ரஸாவில் ஸர்ஃப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஐன், வாவ், தால் என்னும் மூன்று எழுத்துகளை வேராகக் கொண்ட சொற்களைப் பலகையில் எழுதினோம். ‘ஆத’ என்றால் திரும்பி வந்தான். ஆண்டுதோறும் திரும்பி வரும் பெருநாள் ‘ஈத்’. நோயாளியை நலம் விசாரிக்க மீண்டும் மீண்டும் செல்வது ‘இயாதத்’. பழக்கத்துக்குச் சொல் ‘ஆதத்’. ஒரு மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், ஆதத் என்றால் விடாமல் செய்வது என்றல்லவா நினைத்தேன்? திரும்பி வருவது என்றால், நடுவில் விட்டுப் போயிருக்க வேண்டுமே?” என்றார்.

சுண்ணக்கட்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டோம். முப்பது ஆண்டுகளாக இந்த வேரை எழுதி வந்த நமக்குத் தோன்றாத கேள்வி அது. அறுபடாதது பழக்கமன்று, அறுந்த இடத்துக்குத் திரும்பி வருவதே பழக்கம். மழைக்கு இரண்டு நாள் விட்டதால் நாம் தோற்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பாததால் தோற்றோம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவர்தம் தோழர்களும் தொண்ணூற்றாறு பேரைக் கொண்டு செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதனையொத்த ஒன்றைக் கூறுகிறது. ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாகச் சராசரி அறுபத்தாறு நாட்கள் ஆயினவாம். சிலர்க்குப் பதினெட்டு நாளே போதும், சிலர்க்கு இருநூற்றைம்பது நாளுக்கும் மேல் ஆகலாம். ஆனால் இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதே அதில் நமக்கு ஆறுதல் தந்த செய்தி.

மறுநாள் காலை சந்து முனைக்குச் சென்றோம். துணைவியார் நமக்கு முன்பே அங்கு நின்றிருந்தார். அவர்க்கு ஸர்ஃப் பாடம் தேவைப்படவில்லை.

முதல் நாள் ‘ஊருக்கா?’ என்று சிரித்த ஜமாஅத்தார் சில மாதங்கள் கழித்து நம்மைத் தனியே அழைத்தார். “என் வீட்டிலயும் சர்க்கரைதான் ஹஜ்ரத். நான் கடையை விட்டு வர முடியாது. உங்க வீட்டாளுங்களோட அனுப்பட்டுமா?” என்றார். பின்னர் இன்னோர் அம்மையாரும் சேர்ந்தார். இப்போது பெண்கள் மூவரும் தம் குடும்பக் கதைகளைப் பேசியபடி முன்னே விரைய, நாம் பத்தடி பின்னால் நடக்கிறோம். பல நாட்களில் அவர்களை எட்டிப்பிடிக்க நம்மால் முடிவதில்லை.

நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேலானோர் நீரிழிவோடு வாழ்கின்றனர் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறிற்று. அவர்களுள் எத்தனை பேர் நம் அடுப்படிகளில், பிறர்க்கு மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் தம்மைக் கேட்பாரின்றி நிற்கின்றனரோ! நடைப்பயிற்சி தொடங்க எண்ணும் அன்பர்களுக்கு நாம் சொல்ல வல்லது ஒன்றே. காலணி வாங்கக் கடைக்குச் செல்லும்போது, உங்கள் வீட்டிலிருப்பவரின் கால் அளவையும் கேட்டுக்கொண்டு செல்லுங்கள்.

சென்ற வாரப் பரிசோதனையில் மருத்துவ அம்மையார் மறுபடியும் நைலான் இழையால் நம் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். உணர்விழந்த இடங்கள் உணர்விழந்தவையாகவே உள்ளன. ஆனால் புதிதாக ஓர் இடமும் சேரவில்லை. துணைவியாரின் சர்க்கரை இறங்கியிருக்கிறது. நாம் இன்றும் ஸஃபில் நின்றே தொழுகிறோம். அல்ஹம்துலில்லாஹ்.